ஓர் எதிரிக்குச் செய்த ஈமக்கடன்

(வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சண்டை. அது எந்த நாட்டு வரலாற்றிலும் எழுதப்படாத சண்டை. 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, யப்பான் தேசத்தில் கிழமைதோறும் வெளிவந்த ஒரு சிறுவர் சஞ்சிகையின் தாள்களிலே, மையினால் நடந்த சண்டை. அதிலே விழுந்துபட்ட ஒருவனுக்காக, எந்தத் தாயும் பெற்றெடுக்காத ஒரு சித்திர மனிதனுக்காக, ஏறக்குறைய 700 பேர் தோக்கியோ நகரிலே ஒன்றுகூடி ஈமக்கடன் செய்தார்கள். விழுந்தவனோ கதையின் நாயகனும் அல்லன்; நாயகனுக்கு எதிரி. எதிரிக்கு அழுதார்கள் என்பதே இதிலுள்ள வியப்பு.

படக்கதையைப் பற்றிச் சங்க மேடையிலே பேசுவதா என்று பெரியோர்களுட் சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை படக்கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகத்துக்குள்ளே மறைத்து வைத்துப் படிப்பதைக் கண்டு மனம் வருந்தாத தந்தையார் யார்? ஆனால், பிள்ளை எதனை மறைத்து வைத்துப் படிக்கின்றானோ, அதுவே அவன் மனத்தை ஆளுகின்றது. ஆளுகின்ற அப்பொருள் நல்லதா தீயதா என்று ஆராயாமல் விடுவது அறிவுடைமையாகாது. ஆகவே பெரியோர்கள் சற்றே பொறுத்துக் கேட்கவேண்டும். வாலிபர்கள் சற்றே சிந்தித்துக் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொருளுக்கு வருகின்றோம்.

கதையும் கதையை ஆக்கியோரும்

யப்பானியர் தமது படக்கதையை 'மங்கா' என்று வழங்குவர். நம் செவிக்கு இச்சொல் மங்காத ஒளியை நினைவூட்டும். அவர்கள் மொழியிலோ, மனம்போன போக்கிலே தீட்டிய சித்திரம் என்பது அதன் பொருள். அப்படித் தொடங்கிய இக்கலை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நாவலைப்போலவும் நாடகத்தைப்போலவும் மனித வாழ்வின் துன்பங்களை எல்லாம் சொல்ல வல்லதாக வளர்ந்தது. 1959இல் கொடான்ஷா என்னும் பதிப்பகம் தொடக்கிய சிறுவர் வாராந்தச் சஞ்சிகையில், 1968 சனவரி தொடக்கம் 1973 மே வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொடர் வெளியாயிற்று. 'அஷித்தா நோ ஜோ' என்பது அதன் பெயர். 'நாளைய ஜோ' என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். நூலுருவிலே அது 20 பாகங்கள்.

கதையை எழுதியவர் கஜிவாரா இக்கி. அதே சஞ்சிகையில் அவருடைய வேறொரு தொடரும் அக்காலத்தில் வந்துகொண்டிருந்தமையால், இதற்குத் தக்கமோரி அசாவோ என்னும் வேறு பெயரைப் பூண்டார். சித்திரம் தீட்டியவர் சிபா தெத்சுயா. இவர் 1939இல் பிறந்தவர். இளமையை மஞ்சூரியாவிலே கழித்தவர். போரில் யப்பான் தோற்றபின் அகதியாய்த் தவித்த அக்குடும்பத்தை, தந்தையாரின் சீன நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலே ஒளித்துவைத்துக் காத்தார். அந்தப் பரணிலே, தம்பிமாரின் அழுகையை ஆற்றுவதற்காகப் படம் வரைந்து காட்டிய சிறுவனே பின்னாளில் இக்கதைக்குப் படம் வரைந்த ஓவியர். பசி என்பது இன்னதென்று கேட்டு அறிந்தவரல்லர், பட்டு அறிந்தவர். இதனை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பயன்படும்.

கண்ணீர்ப் பாலத்தின் கீழே

தோக்கியோவின் சான்யா என்னும் பகுதி நாட்கூலிகள் வாழும் இடம். விடிவதற்கு முன் தெருவிலே நின்று, அன்றைய வேலை கிடைத்தால் உண்பதும் கிடைக்காவிட்டால் உறங்குவதுமாய் வாழ்ந்தோர் தங்கிய மலிவு விடுதிகள் அங்கே நெருங்கிக் கிடந்தன. அதற்கு அண்மையில் நமிதாபாஷி என்றோர் இடம் உண்டு. 'கண்ணீர்ப் பாலம்' என்பது பொருள். முன்னாளில் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படுவோர் தம் உறவினரைப் பிரிந்து கண்ணீர் விட்ட பாலமாம் அது. பாலம் இன்று இல்லை. பெயர் மாத்திரம் இருக்கின்றது.

இச்சேரிக்கு வந்து சேருகின்றான் யபுகி ஜோ என்னும் அநாதைச் சிறுவன். வயது பதினைந்து. கல்வியில்லை, உற்றாரில்லை, அடக்கமும் இல்லை. அவனைக் காண்கின்றார் தங்கே தன்பெய் என்னும் கிழவர். ஒருகாலத்திலே குத்துச்சண்டை வீரராய் இருந்து, ஒரு கண்ணை இழந்து, மதுவிலே மூழ்கிக் கிடந்தவர். சிறுவனுடைய கையிலே உள்ள ஆற்றலைக் கண்ட மாத்திரத்தில் அவருடைய வாழ்வு விழித்துக்கொள்கின்றது. ஆனால் சிறுவனோ சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு களவும் ஏமாற்றும் செய்து, பொலிசாரிடம் அகப்பட்டுச் சீர்திருத்தச் சிறைக்குப் போகின்றான்.

சிறையிலிருப்பவனுக்குக் கிழவர் என்ன செய்தார்? தபாலட்டை எழுதினார். அறிவுரை எழுதவில்லை, அழுது எழுதவில்லை. 'நாளைக்காக' என்று தலைப்பிட்டு, முதலாவது பாடம், இரண்டாவது பாடம் என்று இலக்கமிட்டு, இடக்கையை எவ்வாறு மடக்கி எவ்வாறு செலுத்துவது என்பதை எழுதி அனுப்பினார். வெறுப்போடு அதனை வாசித்த சிறுவன், செய்ய வேறொன்றும் இல்லாமையால், இருட்டறையிலே அதனைச் செய்து பார்த்தான். ஒரு தடவை, பத்துத் தடவை, நூறு தடவை. கை பழகிற்று, பின்பு மனமும் பழகிற்று. கதையின் பெயரிலுள்ள 'நாளை' என்னும் சொல் இந்தத் தபாலட்டைகளிலிருந்தே உயிர் பெறுகின்றது. இங்கே வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இப்பகுதியைச் சிந்திப்பார்களாக. கெட்டுப்போனவன் என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளைக்கு, அவன் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தவரே அவனைக் காப்பாற்றினார்.

எதிரி வருகின்றான்

அச்சிறையிலே ஜோ சந்திப்பவன்தான் ரிக்கிஷி தோரு. தோல்வியறியாத குத்துச்சண்டை வீரன். தன்னை இகழ்ந்த பார்வையாளன் ஒருவனை அடித்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டவன். பன்றிகளை வெருட்டி ஓடவிட்டு, அந்தக் குழப்பத்திலே தப்ப முயன்ற ஜோவை வழிமறித்து வீழ்த்துகின்றான். அன்று தொடங்கிற்று பகை. சிறைக்குள்ளே நடந்த போட்டியில் இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் தாக்கி, இருவரும் ஒன்றாகவே விழுகின்றார்கள். வெற்றி தோல்வி தீரவில்லை. வெளியே வந்தபின் உண்மையான அரங்கிலே தீர்ப்போம் என்பது இருவருக்கும் இடையிலே எழுதப்படாத ஒப்பந்தம் ஆகிவிடுகின்றது.

இங்கே ஓர் இடையூறு. குத்துச்சண்டையிலே ஒரே எடைப் பிரிவினரே மோதலாம். ஜோவின் பிரிவு பான்டம். அதன் மேலெல்லை 118 இறாத்தல். ரிக்கிஷியோ உயரத்தாலும் பருமனாலும் மிக மேலானவன். இவ்விடையூறு ஓவியர் வரைந்த முதற் படத்திலேயே பிறந்துவிட்டது. ரிக்கிஷியை ஜோவிலும் பார்க்க மிக நெடியவனாய் அவர் வரைந்துவிட்டார். பின்னர் இருவரும் ஒரே பிரிவில் மோதவேண்டும் என்று கதை வேண்டியபோது, அந்த நெடிய உடம்பு சுருங்கவேண்டியதாயிற்று. ஓவியரின் தூரிகை போட்ட ஒரு கோடு கதையின் விதியாக மாறிய விந்தையை இங்கே காண்கின்றோம்.

ஜோ மேலே ஏறி வரலாம் என்று ரிக்கிஷி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானே இறங்கி வருவதென்று உறுதி பூண்டான்.

ஒரு கோப்பை வெந்நீர்

சண்டைக்கு முந்திய அந்த அத்தியாயங்களே எம் உள்ளத்தை மிகவும் வருத்தியவை. உணவை விட்டான், பின் நீரையும் விட்டான். கன்னம் ஒட்டிக் கண் குழிந்து, எலும்பின்மேல் தோல் போர்த்த உருவமானான். தாகத்தை அடக்கமாட்டாமல் தான் தோற்றுவிடலாகாது என்று, பயிற்சிக்கூடத்திலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் கம்பியினால் கட்டி அடைக்கச் செய்தான். ஓரிரவு தாகம் அவனை மிஞ்சிவிடுகின்றது. அறையை உடைத்துக்கொண்டு வந்து குழாய் குழாயாகத் திருகிப் பார்க்கின்றான். ஒன்றும் திறக்கவில்லை.

அவ்வேளையிலே, பயிற்சிக்கூடத்துச் செல்வக் குடும்பத்துப் பெண்ணாகிய ஷிராக்கி யோக்கோ ஒரு கோப்பையிலே வெந்நீர் கொண்டுவந்து நீட்டுகின்றாள். குடி என்று கெஞ்சுகின்றாள். வாங்குகின்றான், கை நடுங்குகின்றது. அவளுடைய அன்புக்கு நன்றி கூறிவிட்டு, அந்நீரை நிலத்திலே ஊற்றிவிடுகின்றான்.

சகோதரர்களே, வாசிப்பவர் எவரும் இவ்விடத்திலே குடி, குடித்துவிடு என்றே நெஞ்சுக்குள் கூவுவர். யாமும் கூவினோம். ஜோவின் பக்கம் நின்று கதையை வாசித்து வந்த எம்மை, அந்த ஒரு கோப்பை வெந்நீர் எதிரியின் பக்கம் கொண்டுபோய் நிறுத்திற்று. அதன்பின் சண்டை தொடங்கியபோது, யார் வெல்லவேண்டும் என்று விரும்புவது என்றே தெரியவில்லை. இதுவே கதாசிரியரின் வெற்றி. நல்லவன் ஒருவன் தீயவன் ஒருவன் என்று வைத்துச் சண்டை சொல்வது எளிது. இருவரும் வெல்லத் தக்கவர்; ஒருவரே வெல்லலாம் என்னும் நிலையிலேதான் நெஞ்சு பிளக்கின்றது.

தொடாத கை

சண்டை எட்டுச் சுற்று வரை சென்றது. ஜோவுக்கு ஒரு தனி உத்தி உண்டு. இரு கைகளையும் தொங்கவிட்டுக் காவலின்றி நிற்பான். அடிக்க வருபவனுடைய கையின் மேலாகத் தன் கையைச் செலுத்தி, அவனுடைய வேகத்தைக்கொண்டே அவனை வீழ்த்துவான். ரிக்கிஷி இதனை அறிவான். அவனும் தன் கைகளைத் தொங்கவிட்டு நிற்கின்றான். இருவரும் அசையாமல் நோக்கியபடி நிற்கின்றார்கள். அடியில்லாத அந்தப் பக்கங்கள் அடிகள் நிறைந்த பக்கங்களிலும் பார்க்கப் பயங்கரமானவை.

இடையிலே ஜோவின் ஒரு குத்து ரிக்கிஷியின் நெற்றிப் பொட்டிலே விழுகின்றது. விழும்போது அவன் தலை அரங்கின் கீழ்க்கயிற்றிலே மோதுகின்றது. எழுந்துவிடுகின்றான். எட்டாம் சுற்றில் கீழிருந்து மேலாக அவன் செலுத்திய குத்து ஜோவை வீழ்த்துகின்றது. பத்து எண்ணி முடிகின்றது. ரிக்கிஷி வென்றான்.

தோற்ற ஜோ எழுந்து வருகின்றான். வாழ்க்கையிலே எவருக்கும் தலைவணங்காத அவன், பகைவனை வாழ்த்துவதற்குக் கை நீட்டுகின்றான். ரிக்கிஷி புன்னகை செய்து தானும் கை நீட்டுகின்றான். அந்தக் கை ஜோவின் கையைச் சேராமல் விலகிப் போகின்றது. ரிக்கிஷி சரிந்து விழுகின்றான். மூளையிலே குருதி கசிந்து உயிர் போய்விட்டது.

இரு கைகளும் தொட்டனவா என்று யாம் அப்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். தொடவில்லை. தொட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும், மறந்தும் போயிருப்போம். தொடாத கையினாலன்றோ அது இன்றுவரை மனத்திலே நிற்கின்றது!

ஈமக்கடன்

இனி வாசகர்கள் செய்ததைக் கேளுங்கள். 1970 மார்ச் 24ஆம் திகதி, கொடான்ஷா பதிப்பகத்தின் மண்டபத்திலே ரிக்கிஷிக்கு ஈமச்சடங்கு நடைபெற்றது. முன்னின்று நடத்தியவர் கவிஞரும் நாடகாசிரியருமாகிய தெரயாமா ஷூஜி. மண்டபத்தின் நடுவிலே குத்துச்சண்டை அரங்கு அமைக்கப்பட்டது. மாண்டவனின் படம் வைக்கப்பட்டது. பௌத்த பிக்கு ஒருவர் வந்து சூத்திரம் ஓதினார். மாண்ட குத்துச்சண்டை வீரருக்குச் செய்யும் முறைப்படி மணி பத்துத் தடவை ஒலிக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும், பல்கலைக்கழக மாணவரும், தொழிலாளரும் வந்து வணங்கினார்கள்.

இது பித்தர் செயல் என்பீர்களா? அக்கால யப்பானை எண்ணிப் பாருங்கள். போரிலே சாம்பலான நாடு, 1964இல் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டியை நடத்திற்று. 1968 அளவில் முதலாளித்துவ உலகின் இரண்டாவது பெரும் பொருளாதாரமாயிற்று. இந்த ஈமச்சடங்குக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னரே ஒசாக்கா நகரில் உலகக் கண்காட்சி மக்களுக்குத் திறக்கப்பட்டது. எங்கும் வெளிச்சம், எங்கும் கொண்டாட்டம். ஆனால் அந்த வெளிச்சத்தை எழுப்பிய கூலிகளோ சான்யாவின் விடுதிகளிலே கிடந்தார்கள். 1966இல் சான்யா என்னும் பெயரே முகவரிகளிலிருந்து நீக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் மறியலாலும் கலகத்தாலும் மூடிக் கிடந்தன. அரசியற் சஞ்சிகையை ஒரு கையிலும் இந்தச் சிறுவர் சஞ்சிகையை மறு கையிலும் ஏந்தியவர்கள் என்று அக்கால மாணவரைப் பற்றிச் சொல்வதுண்டு. வளம் பெருகியபோது எதனையோ இழந்துவிட்டோம் என்று உணர்ந்த ஒரு தலைமுறைக்கு, உணவு நிறைந்த காலத்தில் உண்ணாமல் மாண்டவன் அந்த இழப்பின் உருவமாய்த் தோன்றினான். அவனுக்கு அழுதவர்கள் தமக்காகவும் அழுதார்கள்.

கற்பனைக்கு அழுவது பொய்யழுகை என்று சொல்வாருண்டு. கூத்திலே அபிமன்னன் மாளும்போது கண்ணீர் விடாத ஊர் நம்மிடையே உண்டோ? அங்கே மாண்டவன் வேடம் கலைத்துத் தேநீர் அருந்துவான் என்பதை அறியாமலா அழுகின்றோம்? அழுகை அவனுக்கன்று; அவன் காட்டிய அறத்துக்கு. இதில் அவர்களும் நாமும் ஒன்றே.

ஏழு நாட்களின் பின்

ஆனால் சகோதரர்களே, இரசிகரின் உள்ளம் இருபுறமும் கூருள்ள வாள். ஈமச்சடங்கு நடந்து ஏழு நாட்களின் பின், மார்ச் 31ஆம் திகதி, செம்படைப் பிரிவு என்னும் தீவிரக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர், 'யோடோ' என்று பெயரிட்ட யப்பானிய விமானத்தைப் பிரயாணிகளோடு கடத்தினார்கள். தமது அறிக்கையின் முடிவிலே, நாளைய ஜோ தாமே என்று அறிவித்தார்கள். அதே கதையை வாசித்தவர்கள். அதே வீரனை நேசித்தவர்கள்.

இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்குமாறு வாலிபர்களை வேண்டுகின்றோம். ஜோ தன்னோடு மோத உடன்பட்டு அரங்கேறியவனோடு மோதினான். இவர்களோ உடன்படாத பிரயாணிகளைப் பணயம் வைத்தார்கள். ரிக்கிஷி தன் உடம்பையே வருத்தினான். இவர்கள் பிறர் உடம்பை வருத்தத் துணிந்தார்கள். வீரனுடைய பெயரை எடுத்துக்கொண்டு அவனுடைய நெறியை விட்டுவிட்டார்கள். அந்நிகழ்ச்சியிலும் ஒரு வீரர் இருந்தார். போக்குவரத்துத் துணை அமைச்சராகிய யமமுரா ஷிஞ்ஜிரோ, பிரயாணிகளுக்குப் பதிலாகத் தம்மைப் பணயமாக ஒப்புவித்தார். தென்கொரியத் தலைநகரில் பிரயாணிகள் இறக்கி விடப்பட்டனர். அவர் கடத்தியவர்களோடு வடகொரியா வரை சென்று மீண்டார். அவர் இக்கதையை வாசித்தவரோ அல்லரோ, கதையின் பொருளைச் செயலிலே காட்டியவர் அவரே. பெயர் சூடிக்கொள்வது இரசிகனாவதற்குப் போதும், வீரனாவதற்குப் போதாது.

கொன்றவர் யார்?

ரிக்கிஷியைக் கொன்றவர் யார் என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்தது. ஜோவின் குத்தா? கயிறா? அவன் பூண்ட உறுதியா? எமது விடை இது: குத்து உயிரை வாங்கிற்று, ஆனால் குத்தைத் தாங்கும் வலிமையை முன்னமே வாங்கிவிட்டது நீரின்மை. உடம்பிலே நீர் வற்றினால் இருதயமும் சிறுநீரகமும் தடுமாறும். தலையிலே விழும் அடி மேலும் ஆபத்தாகும் என்றே வைத்தியர் எச்சரிக்கின்றனர். இது கதைக்கு மாத்திரம் உரியதன்று. 1997இன் இறுதியில், அமெரிக்காவிலே கல்லூரி மற்போர் வீரர் மூவர், எடை குறைப்பதற்காக உடம்பை வற்றச் செய்து, ஒருவர்பின் ஒருவராகச் சில கிழமைகளுக்குள் உயிரிழந்தனர். அதன்பின்னரே அங்கே விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆகவே விளையாட்டிலே ஈடுபடும் எம் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம்: ரிக்கிஷியின் உறுதியை வியந்து போற்றுங்கள், அவன் முறையைக் கைக்கொள்ளாதீர்கள். குழாயைக் கட்டி அடைக்குமாறு கேட்கும் மாணவனுக்கு இசையாமல், அவனை மேல்பிரிவுக்கு அனுப்புபவரே நல்ல பயிற்சியாளர்.

இதனால் அவனுடைய பெருமை குறைந்துவிடுமா? குறையாது. அதற்குச் சான்று கதைக்குள்ளேயே உண்டு.

ரிக்கிஷி மாண்டபின் ஜோ வென்று திரியவில்லை. எதிரியின் நெற்றிப் பொட்டை அடிக்க அவன் கை எழவில்லை. அரங்கிலேயே வாந்தி எடுக்கின்றான். மையமான அரங்குகளை விட்டு ஊரூராய்த் திரியும் கீழ்த்தரக் கூட்டத்தோடு அலைகின்றான். பழிக்குப் பழி என்று ஓடும் கதைகளையே கண்டு பழகிய எமக்கு, இஃது அரிய பாடமாய்த் தோன்றிற்று. கொன்ற கை நடுங்கவேண்டும். நடுங்காத கை மனிதக் கை அன்று.

பின்னர் வெனிசுவேலா நாட்டு வீரன் கார்லோஸ் ரிவேராவோடு மோதி உயிர்ப்புப் பெற்ற ஜோ, கொரிய வீரன் கிம் யோங்-பியை எதிர்கொள்கின்றான். கிம் சொல்லும் வரலாறு கொடியது. கொரியப் போரிலே பட்டினி கிடந்த சிறுவனாய், உணவுக்காக ஒரு போர்வீரனைக் கல்லால் அடித்துக் கொன்றான். மாண்டவன் தனக்காகவே உணவு கொண்டுவந்த தன் தந்தை என்று பின்பே அறிந்தான். அன்று சுருங்கிய வயிறு பிறகு விரியவேயில்லை. எடை குறைக்கப் பாடுபட்ட ஜோவைப் பார்த்து, உன் பசி விளையாட்டுப் பசி என்னும் கருத்துப்படப் பேசுகின்றான். ஜோ கூனிக் குறுகிவிடுகின்றான். தோல்வியின் விளிம்பிலே, திடீரென்று அவனுக்கு ரிக்கிஷி நினைவுக்கு வருகின்றான். கிம் உண்ணாதது உண்ண இயலாமையால். ரிக்கிஷி உண்ணாதது, உண்ண எல்லாம் இருந்தும், குடிக்க நீட்டிய கோப்பை கையில் இருந்தும், தானே விரும்பித் தடுத்தமையால். ஒரு தோழனுக்குக் கொடுத்த சொல்லுக்காக. இதனை உணர்ந்த கணத்திலே ஜோ நிமிர்ந்து எழுகின்றான்.

பரணிலே பசித்திருந்த சிறுவனைப் பற்றி முன்னர் சொன்னோமே, நினைவிருக்கின்றதா? பசியை அறிந்தவர் கை வரைந்த அத்தியாயம் இது. பசி மனிதனைக் கொலைகாரனாக்கும். அதே பசியைத் தன் வசமாக்கியவன் மனிதரிலே உயர்ந்து நிற்பான். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொன்னமையாலேயே இப்படக்கதை இலக்கியமாயிற்று என்பது எமது துணிபு.

முடிவும் மிகுதியும்

இறுதியில் ஜோ உலக வீரனாகிய ஹொசே மெண்டோசாவோடு பதினைந்து சுற்றும் பொருதி, புள்ளிகளிலே தோற்கின்றான். தன் மூலையிலே அமர்ந்து, எரிந்து முடிந்த வெண்சாம்பல்போல் வெளுத்து, புன்னகையோடு தலை சாய்த்திருக்கின்றான். மாண்டானா, உறங்குகின்றானா என்று 1973 தொடக்கம் இன்று வரையில் வாசகர்கள் வாதிடுகின்றார்கள். வளர்ந்துவிட்ட உடம்போடு மேல்பிரிவுக்குப் போகாமல், ரிக்கிஷி தேடி இறங்கி வந்த அந்த பான்டம் பிரிவிலேயே இறுதிவரை நின்றான் என்பதை மாத்திரம் நாம் குறித்துக்கொள்வோம். தொடாமற்போன கைக்கு அவன் செய்த மரியாதை அது.

2012இல் சான்யாவின் கடைத்தெருவிலே ஜோவின் உருவச்சிலை நிறுவப்பட்டது. பெயர் நீக்கப்பட்ட சேரிக்கு ஒரு கற்பனைப் பிள்ளை முகம் கொடுத்தான். 2024இல் ஓவியர் சிபா தெத்சுயாவுக்கு யப்பானின் பண்பாட்டு விருதுகளிலே மிக உயர்ந்ததாகிய 'பண்பாட்டு ஒழுங்கு' வழங்கப்பட்டது. மங்கா ஓவியர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. ஒருகாலத்தில் பாடப் புத்தகத்துக்குள்ளே மறைத்து வைத்து வாசிக்கப்பட்டது, அரசினர் கையாலே மாலை சூட்டப்பெற்றது.

பெரியோர்களே, உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு படக்கதையை வாசித்துக் கண்ணீர் விட்டிருக்கக் கண்டால், புத்தகத்தைப் பறிப்பதற்கு முன்னர், யாருக்காக அழுகின்றாய் என்று ஒரு தடவை கேளுங்கள். எதிரிக்காக அழுகின்றேன் என்று அவன் சொன்னால், அப்பிள்ளையைப் பற்றி நீங்கள் அஞ்சவேண்டியதில்லை.

வாலிபர்களே, நீங்கள் வெல்லும்போது யாரை வென்றோம் என்று நினையுங்கள். உங்களைத் தேடி எவ்வளவோ விட்டு இறங்கி வந்த ஒருவன் எதிரே நிற்கக்கூடும். பரீட்சையிலாயினும், விளையாட்டிலாயினும், தேர்தலிலாயினும், போட்டி முடிந்தவுடனே கை நீட்டுங்கள். நாளைக்கு நீட்டுவோம் என்று வைத்திருந்தால், அந்தக் கை அங்கே இல்லாமற் போகலாம்.